தமிழ்நாட்டில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் கால மாற்றம்: தாம்பரம் முதல் நாங்குநேரி வரை (1984–2023)

ஆய்வுச் சுருக்கம்

சிறப்புப் பொருளாதார மண்டலங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் தொடக்கத்தையே மையமாகக் கொள்கின்றன. முதலீடு எவ்வளவு, வேலைவாய்ப்பு எத்தனை, ஏற்றுமதி மதிப்பு என்ன என்பனவே அவற்றின் வினாக்கள். மண்டலம் வயதாகும்போது அதற்கு என்ன நேர்கிறது என்ற வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. தாம்பரம், திருப்பெரும்புதூர், நாங்குநேரி, செய்யாறு ஆகிய இடங்களின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. ஒரு மண்டலத்தில் நிலம், சட்டச் சலுகை, நிறுவனம், தொழிலாளர் ஆகிய நான்கும் வெவ்வேறு கால அளவுகளில் இயங்குகின்றன. அவற்றுள் மிகக் குறுகியது தொழிலாளரின் காலம். மீளாதது நிலத்தின் காலம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சிறப்புப் பொருளாதார மண்டலம், ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலம், மெப்ஸ், சிப்காட், டிட்கோ, நிலம் கையகப்படுத்தல், பெண் தொழிலாளர்.

முன்னுரை

சுங்க எல்லைக்குள் இருந்துகொண்டே சுங்கத்திற்குப் புறம்பானதாகக் கருதப்படும் நிலப்பகுதி என்ற கருத்து பழைமையானது. துறைமுக நகரங்களின் தீர்வையற்ற கிடங்குகளில் அதன் வேர் உண்டு. எனினும், வேலியிட்ட வளாகத்திற்குள் ஏற்றுமதிக்காகவே உற்பத்தி செய்யும் நவீன மண்டலத்தின் முன்மாதிரி, 1959இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி உருவானது. ஆசியாவில் முதலாவது ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலத்தை இந்தியா 1965இல் குஜராத்தின் காண்ட்லாவில் நிறுவியது. அடுத்த ஆண்டு தைவானின் காவ்சியுங் மண்டலமும், 1978இல் இலங்கையின் கட்டுநாயக்க மண்டலமும், 1980இல் சீனாவின் ஷென்சென் மண்டலமும் தோன்றின.

முதலில் தொடங்கிய இந்தியா இத்துறையில் முன்னணி நாடாகவில்லை. அதன் காரணங்களைப் பொருளியலறிஞர் பலர் விவாதித்துள்ளனர். இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. ஒரே வேலிக்குள் காலப்போக்கில் எவையெவை மாறின, எவை மாறாமல் நின்றன, வேலி தளர்ந்தபின் எஞ்சியது யாது என்பதைத் தமிழ்நாட்டுச் சான்றுகளால் விளக்குவதே இதன் நோக்கம்.

தாம்பரம்: ஒரே வேலி, மூன்று காலங்கள்

சென்னை ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலம் 1984இல் தாம்பரத்தில் அமைக்கப்பட்டது. பெருந்தெற்குச் சாலையை ஒட்டி, தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தின் அருகில், சுமார் 260 ஏக்கர் பரப்பில் அமைந்த அவ்வளாகத்தை மக்கள் ‘மெப்ஸ்’ என்றே வழங்கினர். உரிமமுறைப் பொருளாதாரம் நிலவிய காலம் அது. இயந்திரமோ உதிரிப்பாகமோ வெளிநாட்டிலிருந்து தருவிக்க இறக்குமதி உரிமமும் உயர்ந்த தீர்வையும் தேவைப்பட்டன. அந்நிலையில் மெப்ஸின் வேலி ஒரு விதிவிலக்கின் எல்லையாக இருந்தது. உள்ளே வரும் மூலப்பொருளுக்குத் தீர்வை இல்லை. உள்ளே ஆக்கப்படும் பொருள் வெளிநாட்டுக்கே செல்லவேண்டும் என்பது அதன் உடன்படிக்கை. வாயிலில் நின்ற சுங்க அலுவலரே அவ்வுடன்படிக்கையின் காவலர்.

1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம் இவ்விதிவிலக்கின் பொருளைக் குறைத்தது. உரிமமுறை தளர்ந்து இறக்குமதித் தீர்வைகள் குறைந்தபோது, வேலிக்கு உள்ளும் புறமும் இருந்த வேறுபாடு சுருங்கியது. அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில் வந்த ‘முழுவதும் ஏற்றுமதி சார்ந்த தொழிலகம்’ என்ற திட்டம், மண்டலத்திற்கு வெளியே எங்கிருந்தாலும் ஒத்த சலுகைகளைப் பெற வழிசெய்திருந்தது. மண்டலம் வழங்கிய சிறப்புரிமை மெல்ல நாட்டின் பொதுவிதியாகத் தொடங்கியது. ஆகவே மண்டலம் நிலைபெற வேறொரு காரணம் தேவைப்பட்டது.

அக்காரணத்தை 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கை வழங்கியது. அப்போது மத்திய வணிகத்துறை அமைச்சராக இருந்தவர் முரசொலி மாறன். சீன மண்டலங்களின் பரப்பும் வேகமும் அக்கொள்கைக்கு உந்துதலாயின. பழைய மண்டலங்கள் படிப்படியாகப் புதிய வகைக்கு மாற்றப்பட்டன. மெப்ஸ் 2003 ஜனவரி 1 முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆயிற்று. வேலியும் வாயிலும் மாறவில்லை. ‘ஏற்றுமதிப் பதப்படுத்து’ என்ற அடைமொழி மட்டும் நீங்கியது. இப்பெயர் மாற்றத்தைச் சொல்லளவிலானதாகக் கொள்ளலாகாது. பழைய மண்டலத்தின் இலக்கு ஏற்றுமதி ஒன்றே. புதிய மண்டலம் ஐந்தாண்டுகளில் மொத்தமாக நிகர அந்நியச் செலாவணி ஈட்டினால் போதும். உரிய தீர்வை செலுத்தி உள்நாட்டிலும் விற்கலாம். ஏற்றுமதிக் கூடம் என்ற நிலையிலிருந்து முதலீட்டுக் களம் என்ற நிலைக்கு மண்டலம் நகர்ந்தது.

மூன்றாவது மாற்றம் வேலிக்குள்ளேயே நிகழ்ந்தது. மின்னணுப் பொருள்களுக்கும் ஆயத்த ஆடைகளுக்கும் இடமளித்த வளாகத்தில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. சரக்குப் பெட்டகம் கடந்துசெல்லும் வாயிலைக் காப்பதற்காக எழுந்த மண்டலத்தில், கம்பிவழியே செல்லும் சேவை முதன்மை பெற்றது. சுங்க வாயிலுக்கும் அச்சேவைக்கும் தொடர்பு அரிது. ஆயினும் வேலி தொடர்ந்தது. ஏனெனில் அப்போது அது தீர்வையின் எல்லையாக இருந்ததைவிட வருமான வரியின் எல்லையாகவே மிகுதியும் இருந்தது.

சட்டத்தின் காலம்

சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அரசும் 2005இலேயே தனக்கென ஒரு சட்டத்தை இயற்றியது. மத்தியச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட பணிகளின் பொருட்டு மண்டலத்தை இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள நிலப்பகுதியாகக் கொள்கிறது. மண்டலத் தொழிலகத்தின் ஏற்றுமதி இலாபத்திற்கு முதல் ஐந்தாண்டுகள் முழு வருமான வரி விலக்கும், அடுத்த ஐந்தாண்டுகள் பாதி விலக்கும், அதன்பின் ஐந்தாண்டுகள் மறுமுதலீடு செய்யப்படும் இலாபத்திற்குப் பாதியளவு வரையிலான விலக்கும் அளிக்கப்பட்டன. இப்பதினைந்து ஆண்டுகளைச் சட்டம் மண்டலத் தொழிலகத்திற்கு வகுத்த இளமைப் பருவம் எனலாம்.

ஆனால் சட்டமே அப்பருவத்தை இடையில் சுருக்கியது. 2011ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மண்டலங்களைக் குறைந்தபட்ச மாற்று வரிக்குள் கொண்டுவந்தது. 2017 மார்ச்சுக்குப் பின் மேம்பாட்டுப் பணியைத் தொடங்கும் மண்டல உருவாக்குநர்களுக்கான வரிவிலக்கு முடிவுற்றது. 2020இல் புதிய தொழிலகங்களுக்கான வருமான வரி விலக்கும் நின்றது. இதற்கிடையே, 2019 அக்டோபர் 31இல் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பாயம், இந்திய மண்டலச் சலுகைகள் உள்ளிட்ட சில திட்டங்களைத் தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியங்கள் எனக் கண்டது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்ததால் அவ்வழக்கு சில ஆண்டுகள் முடிவுறாது நின்று, 2023இல் உடன்பாட்டின்வழி முடித்துக்கொள்ளப்பட்டது.

சலுகைகள் இடம்பெயர்ந்தபோது நிறுவனங்களும் இடம்பெயர்ந்தன. மென்பொருள் பூங்காத் திட்டத்தின்கீழ் இருந்த வரிவிலக்கு 2011 மார்ச் 31இல் முடிவுற்றதும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மண்டலக் கட்டடங்களை நாடின. பழைய மாமல்லபுரச் சாலையில் எழுந்த கண்ணாடி மாளிகைகள் பலவற்றின் பின்புலம் இதுவே. 2020க்குப் பின் அதே கட்டடங்களில் மண்டலத் தகுதி சுமையாயிற்று. உள்நாட்டு வாடிக்கையாளருக்குப் பணிசெய்யும் நிறுவனம் அங்குக் குடியேற இயலவில்லை; காலியிடம் பெருகியது. 2023 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, தகவல் தொழில்நுட்ப மண்டலக் கட்டடங்களில் தளம்தளமாக மண்டலத் தகுதியை நீக்கிக்கொள்ள வழி தரப்பட்டது. ஒரே மின்தூக்கியில் ஏறுவோருள் நான்காம் தளத்தில் இறங்குபவர் சுங்க எல்லைக்கு வெளியிலும், ஐந்தாம் தளத்தில் இறங்குபவர் உள்ளேயும் இருக்கும் நிலைக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. நிலப்பரப்பாகத் தொடங்கிய மண்டலம் மாடித்தளமாகச் சுருங்கிய வரலாறு இது.

நிறுவனத்தின் காலம்: திருப்பெரும்புதூர்

புதிய சட்டத்தின் முதற்கனிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது திருப்பெரும்புதூரில் அமைந்த நோக்கியா கைபேசித் தொழிற்சாலை. 2005இல் மாநில அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. உதிரிப்பாகம் தரும் நிறுவனங்களும் அதே வளாகத்தில் குடியேறின. பள்ளிப்படிப்பும் தொழிற்கல்வியும் முடித்த இளையோர், அவருள்ளும் பெண்கள், பல மாவட்டங்களிலிருந்து வந்து பணியில் அமர்ந்தனர். நேரடித் தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 8,000 வரை உயர்ந்தது.

2013இல் வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வரிக் கோரிக்கையை எழுப்பியது. தொழிற்சாலைச் சொத்துகள் முடக்கப்பட்டன. தொடுதிரைக் கைபேசிகளின் வருகையால் நிறுவனத்தின் உலகச் சந்தையும் அதே காலத்தில் சரிந்திருந்தது. 2014 ஏப்ரலில் நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ‘ஓய்வு’ என்ற சொல் இங்குக் கருதத்தக்கது. அதனைப் பெற்றோருள் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்.

இந்நிகழ்வைப் பெரும்பாலான எழுத்துகள் முடிவாகவே கருதின. வரலாற்று நோக்கில் அது முடிவன்று. வளாகம், மின்வசதி, சாலை, விமான நிலைய அண்மை, கைபேசித் தொழிலில் பழகிய தொழிலாளர் ஆகியவை எஞ்சியிருந்தன. மூடப்பட்ட அத்தொழிற்சாலையைக் கைபேசி மின்னேற்றி செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கவிருப்பதாக 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் ஆப்பிள் கைபேசிகளின் உற்பத்தியும் வளர்ந்தது. எனினும் இவ்விரண்டாம் அலைக்கு உந்துதல் மண்டலச் சட்டத்திலிருந்து வந்ததன்று. 2020இல் அறிவிக்கப்பட்ட உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் அதில் பெரும்பங்கு வகித்தது. அத்திட்டத்திற்கு வேலி தேவையில்லை. அரசு தன் சலுகையை இடத்திலிருந்து பெயர்த்து உற்பத்தி அளவின்மேல் வைத்தது.

இங்குக் கால அளவுகளை ஒப்பிடுதல் பயன்தரும். சிப்காட் தொழில்மனைகளைப் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கிறது. சட்டம் வகுத்த வரிச்சலுகைக் காலம் 15 ஆண்டு. மேற்கண்ட தொழிற்சாலை இயங்கியது ஒன்பது ஆண்டிற்கும் குறைவு. அதில் பணியாற்றியவருள் பலரின் பணிக்காலம் அதனினும் குறுகியது. ஒரே வளாகத்தில் நான்கு காலங்கள் ஓடின. அவற்றுள் ஒன்று நின்றபோது மற்றவை நிற்கவில்லை. மண்டலத்தின் வெற்றியோ தோல்வியோ எந்தக் காலத்தை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நிலத்தின் காலம்: நாங்குநேரியும் பிறவும்

2000ஆம் ஆண்டுக் கொள்கையின்போது முதன்முதலில் பேசப்பட்ட இரு இடங்கள் குஜராத்தின் பொசித்ராவும் தமிழ்நாட்டின் நாங்குநேரியும் ஆகும். டிட்கோவின் முயற்சியில் நாங்குநேரியில் சுமார் 2,500 ஏக்கர் நிலம் திட்டத்திற்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் தனியார் கூட்டாளி நிறுவனமும் இணைந்தது. எனினும் நிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அத்திட்டம் வாக்குறுதியாக மீண்டு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் பல்பொருள் மண்டலத்துக்காகச் சுமார் 3,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டும், பல்லாண்டுகள் அங்குத் தொழில் எழவில்லை.

இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கலன்று. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் அறிவிக்கை செய்யப்பட்ட 392 மண்டலங்களுள் 152 மட்டுமே இயங்கியதைச் சுட்டிக்காட்டியது. மேற்கு வங்கத்தின் நந்திகிராமத்தில் 2007 மார்ச் 14இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் உயிரிழந்தபின், மண்டலத்தின் பரப்புக்கு 5,000 ஹெக்டேர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பின்னர்க் குறைந்தபட்சப் பரப்பும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஷென்சென் போன்ற பெருநகரக் கனவு, ஒரு தலைமுறைக்குள் சில ஹெக்டேர்களாகச் சுருங்கியது.

நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான சட்ட வரலாறும் இதனுடன் சேர்த்து நோக்கத்தக்கது. தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நிலவுடைமையாளரின் ஒப்புதலையும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் வலியுறுத்தியது. மாநிலச் சட்டம் அதற்கு முரணானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. மாநில அரசு அதே ஆண்டில் மீட்புச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதனை ஏற்றது. மண்டலத்திற்கான வரிச்சலுகை கரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நிலத்தைப் பெறும் அதிகாரம் உறுதிப்பட்டது என்பது கவனத்திற்குரியது.

வெறுமையாகக் கிடக்கும் நிலம் எவருக்கும் இழப்பன்று என்ற எண்ணம் ஆவணங்களில் பரவலாக உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தின் தொப்பம்பட்டி ஒன்றியம் போன்ற சமவெளிகளில் மானாவாரி வேளாண்மையை அறிந்தோர் இதனை ஏற்கமாட்டார். மழை தவறிய ஆண்டில் உழாமல் விடப்படும் காடு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் நிலமாகிறது. விறகும் வேலிமுள்ளும் அங்கிருந்தே வருகின்றன. நிலமற்ற குடும்பம் நான்கு வெள்ளாடுகளை வைத்துப் பிழைப்பது பிறர் தரிசை நம்பியே. பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கும். மேய்த்தவருக்கு ஆவணம் இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. மண்டலம் எழாமற்போனாலும் அம்மேய்ச்சல் திரும்புவதில்லை. வேலி முன்னரே வந்துவிடுகிறது. நிலத்தின் காலம் மீளாதது என்று கூறுவது இதன்பொருட்டே.

தொழிலாளரின் காலம்

மண்டலத்திற்குள் தொழிலாளர் சட்டம் செல்லாது என்பது பரவலான கருத்து. சட்டநிலை அவ்வாறன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, மண்டலங்களுக்கு மத்தியச் சட்டங்களைத் தளர்த்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தபோதிலும், தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலம் ஆகியன தொடர்பான சட்டங்களை அவ்வதிகாரத்திலிருந்து விலக்கியே வைத்தது. வேறுபாடு நடைமுறையில் விளைந்தது. மண்டலத் தொழிலகங்களைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என அறிவித்தால், முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய இயலாது. வாயிலில் அனுமதிச் சீட்டின்றி எவரும் நுழைய முடியாதபோது, சங்க அமைப்பாளர் தொழிலாளரைச் சந்திப்பதும் அரிதாகிறது. சட்டத்தைவிட வேலி இங்கு வலிமையுடையது.

வேலியை ஈடுசெய்யும் மற்றொரு கருவி நிறுவனப் பேருந்து. செய்யாறு சிப்காட் வளாகத்தின் காலணி மண்டலத்திற்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பெண்கள் நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்புகின்றனர். தொலைவிலிருந்து வருவோருக்கு விடுதி. இவ்வமைப்பு மண்டலத்தின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளிலும் மணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, சில ஆண்டு ஒப்பந்தக் காலத்தின் முடிவில் மொத்தத் தொகை தரும் முறை ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் அறியப்பட்டு, கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவ்வாலைகள் இயங்கியதற்கு மண்டலச் சட்டம் தேவைப்படவில்லை. குறுகிய பணிக்காலம், கண்காணிக்கப்படும் தங்குமிடம், ஊரிலிருந்து பிரிக்கப்பட்ட பெண் உழைப்பு ஆகிய கூறுகள் வேலிக்கு உள்ளும் புறமும் ஒன்றாயின.

கட்டுநாயக்கவின் அனுபவம் இதற்கு இணையானது. 2011இல் தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அங்குத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, காவல்துறைத் தாக்குதலில் ஓர் இளந்தொழிலாளர் உயிரிழந்தார். அரசு மசோதாவைக் கைவிட்டது. சில ஆண்டுகளே பணியில் இருக்கப்போகும் பெண்கள் ஓய்வூதியத்தைப் பெறமாட்டார்கள், பிடித்தத்தை மட்டும் பெறுவார்கள் என்பதே அப்போராட்டத்தின் உள்ளீடு. தொழிலாளரின் காலம் குறுகியது என்பதைத் தொழிலாளரே முன்வைத்த தருணம் அது. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் விடுதி உணவால் நோயுற்ற பெண் தொழிலாளர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த நிகழ்வும் இத்தொடரில் வைத்து எண்ணத்தக்கது. வேலிக்குள் பேச இயலாதது நெடுஞ்சாலையில் பேசப்பட்டது.

வேலி தளர்ந்தபின்

சீனாவில் ஷென்சென்னுக்கு உரிய தனிச்சலுகைகள் பல காலப்போக்கில் நாடெங்கும் விரிந்தன. 2008இல் நிறுவன வருமான வரி பொதுவாக்கப்பட்டபின் மண்டலத்தின் தனித்தன்மை மேலும் குறைந்தது. பொதுவிதியாகிக் கரைவதை மண்டலத்தின் இயல்பான முதுமை எனச் சிலர் கொள்வர். தமிழ்நாட்டிலும் அத்தகைய கரைவு நிகழ்ந்துள்ளது. ஆனால் கரைந்து பரவியது எது என்பதை வேறுபடுத்திக் காணவேண்டும். வரிச்சலுகை வேலியை விட்டு வெளியேறி ஊக்கத்தொகையாயிற்று. உழைப்புமுறை வேலிக்கு வெளியேயும் வழக்கமாயிற்று. நிலம் கையகப்படுத்தும் முறை மண்டலத்தின் பெயரின்றியே தொடர்ந்தது. செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்திற்கு எதிராக மேல்மா பகுதி உழவர் 2023இல் போராடியபோது, அவருள் சிலர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப்பின் பெரும்பாலோர்மீது விலக்கிக்கொள்ளப்பட்டது. அது சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான போராட்டமன்று. ஆயினும் அதன் வினாக்கள் மண்டலக் காலத்தின் வினாக்களே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மண்டலம் என்பது நிலையான ஒரு பொருளன்று. தாம்பரத்தில் தீர்வை எல்லையாகத் தொடங்கி, முதலீட்டுக் களமாகி, வரி எல்லையாக மாறியது; பிற இடங்களில் மாடித்தளமாகவும் சுருங்கியது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் வெளியேற்றத்தை மண்டலத்தின் முடிவாகவோ, மற்றொன்றின் வருகையை அதன் வெற்றியாகவோ கொள்வது போதாது. திருப்பெரும்புதூரில் கட்டடமும் தொழில்திறனும் அடுத்த நிறுவனத்திற்குப் பயன்பட்டன. பணியிழந்தவரின் ஆண்டுகள் அவ்வாறு கைமாறக் கூடியவையல்ல. மூன்றாவது, அரசு வரிச்சலுகைக்கு முடிவு நாள் குறித்தது. வாங்கப்பட்டும் பயன்படாத நிலத்திற்கு அத்தகைய கண்டிப்பான முடிவு நாளைக் குறிக்கவில்லை.

ஆகவே மண்டலங்களை மதிப்பிடும் ஆய்வுகள் தொடக்கவிழாப் புள்ளிவிவரங்களோடு நில்லாமல், இருபது, முப்பது ஆண்டுக் காலத்தை அலகாகக் கொள்வது தேவை. அறிவிக்கை ஏடுகளோடு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவுகளையும், தொழிலகக் கணக்குகளோடு பணியிழந்து ஊர் திரும்பிய பெண்களின் வாய்மொழி வரலாற்றையும் சேர்த்துத் திரட்டவேண்டும். தொப்பம்பட்டி போன்ற ஊர்களில் அமர்ந்து இவ்வாய்வைச் செய்ய இயலும். மண்டலம் அங்கு அமைந்திருக்கவேண்டும் என்பதில்லை; நிறுவனப் பேருந்து வந்து நிற்கும் இடம் எதுவாயினும் மண்டலத்தின் வரலாறு அங்குவரை நீள்கிறது.